மிதிக்கிற இடத்தில் எடை பார்க்கலாமா?

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மர்பி டவுன் மார்க்கெட் ஓரமாக நானும் என் தங்கை மகனும் நடந்து வந்ததைப் பார்த்தவர்கள் மனத்துக்குள் சிரித்திருக்கக்கூடும். அவன் நொண்டிக்கொண்டு வந்தான். நான் அவனுடைய மலைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சைக்கிளில் ஒரு பெடல்தான் இருந்தது. இன்னொரு பெடல், கிராங்க்கோடும் பற்சக்கரத்தோடும் சேர்ந்து என் காய்கறிப் பையில் இருந்தது.

முந்தின நாள் நந்தி மலை அடிவாரத்தில் ஒரு மண்மேட்டை எழுந்து நின்று மிதித்து ஏறியபோது, இரண்டு கிராங்க்குகளையும் இணைக்கும் அச்சு வலப்பக்கம் சட்டென்று முறிந்துவிட்டது. முறிந்த முனை முழங்காலுக்குக் கீழே கிழித்ததில் 11 தையல். கீழே விழுந்த இடம் ஏற்றமாக இருந்ததால் பிழைத்தான். அதே அச்சு இறக்கத்தில் முறிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதும் மனநிலையில் இருந்திருக்க மாட்டேன்.

இவ்வளவுக்கும் காரணம் 120 கிராம். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த எஃகு அச்சைக் கழற்றி வைத்துவிட்டு, எடை குறைவு என்பதற்காக, யாரோ சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்து விற்ற டைட்டானியம் அச்சு ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்து, 120 கிராம் மிச்சம் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னவனும் அவன்தான். நானும் கேட்டுத் தலையாட்டினேன். டூல் ரூமில் காலமெல்லாம் இரும்போடு பழகியவன், அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் சங்கத்துக் குடும்பங்களில் மலைச் சைக்கிள் வாங்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். துரஹள்ளி, அவலஹள்ளி, நந்தி என்று விடியற்காலையில் கிளம்பிவிடுகிறார்கள். உடம்புக்கு நல்லதுதான், தடுக்க வேண்டாம். ஆனால் எந்த உறுப்பில் எடையைக் குறைப்பது, எதில் கைவைக்கக் கூடாது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டம் பிராக்கெட்டை எடை பார்த்து வாங்காதீர்கள். மரை வைத்துத் திருகுவதா, அச்சு எஃகா, உள்ளே இருக்கும் குண்டுகள் போதிய அளவில் பெரியவையா, நம் தெருக்கோடிக் கடையில் கழற்றி மாட்ட முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். எடை தானாகவே ஓரளவு குறைந்துவிடும்.

பாட்டம் பிராக்கெட் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. கடைக்காரர்கள் சுருக்கமாக பி.பி. என்பார்கள். சைக்கிள் சட்டத்தின் குழாய்களெல்லாம் கீழே வந்து கூடும் இடத்தில் குறுக்காக ஒரு சிறிய குடம் இருக்கிறதல்லவா? அதற்குள் ஓடும் அச்சும், அச்சைத் தாங்கும் குண்டுகளும், குண்டுகளைத் தாங்கும் கிண்ணங்களும் சேர்ந்ததுதான் பி.பி. நம் காலால் கொடுக்கும் விசை முழுவதும் அந்த இடம் வழியாகத்தான் சங்கிலிக்குப் போகிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது ஆளின் முழு எடையும் ஒரு பெடலில் விழுகிறது. அடுத்த நொடி மறு பெடலில். ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் முறை இப்படி அச்சு வளைந்து முறுக்கி மீள்கிறது. உலோகம் ஒரே அடியில் உடைவது குறைவு. இப்படிக் களைத்துப்போய் உடைவதே அதிகம். களைப்பு வெளியே தெரியாது என்பதுதான் பழைய பாகங்களை வாங்குவதில் உள்ள ஆபத்து.

மர்பி டவுன்காரர்களுக்கு இந்தப் பி.பி. புதிதல்ல. கண்டோன்மென்ட் காலத்தில் பொறியாளராக இருந்த மர்பியின் பெயரைத் தாங்கிய இந்தத் தெருக்களிலிருந்தும், பக்கத்து அல்சூரிலிருந்தும், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., என்.ஜி.இ.எஃப். ஆலைகளுக்கு ஷிப்டு ஷிப்டாகச் சைக்கிளில் போன தலைமுறை ஒன்று இருந்தது. என்.ஜி.இ.எஃப். 2002-இல் மூடப்பட்டுவிட்டது, சைக்கிள் கூட்டமும் அதற்கு முன்பே மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டது. ஆனால் அந்தக் காலத்துக் கடைகளில் ‘ஓவராயிலிங்’ என்ற ஒரு சடங்கு உண்டு, நினைவிருக்கிறதா? ஆண்டுக்கு ஒருமுறை சைக்கிளைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, மறுபடி பூட்டுவார்கள். பி.பி.யைத் திறந்தால் பக்கத்துக்கு 11 ஆக மொத்தம் 22 கால் அங்குலக் குண்டுகள் தகரத் தட்டில் உருளும். கடைப் பையன் முதலில் கற்றுக்கொள்வது அவற்றை எண்ணுவது. தேய்ந்த குண்டு இருந்தால் மொத்தத்தையும் மாற்றுவார்கள், கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கிண்ணத்தை மாற்றுவார்கள். கிராங்க்கை அச்சோடு இறுக்கியது ஒரு சின்ன காட்டர் பின். அது தளர்ந்தால் டக் டக்கென்று தட்டும், சுத்தியல் அடியில் சரியாகும். எடையைப் பற்றி அந்தக் கடையில் யாரும் பேசியதில்லை. முழுச் சைக்கிளே 20 கிலோவைத் தொடும்போது அச்சின் எடையை யார் கேட்பார்கள்? ஆனால் எதையும் திறக்கலாம், எதையும் மாற்றலாம், அன்றைக்கே வேலைக்குப் போகலாம் என்ற வசதி இருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

மலைச் சைக்கிளின் கதையும் கிரீஸில்தான் தொடங்குகிறது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் வந்த கனமான ஷ்வின் சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். 1976 அக்டோபரில் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி உள்ளிருந்த கிரீஸ் முழுவதும் புகைந்து போய்விடும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். எடை குறைக்கும் மோகமெல்லாம் பின்னால் வந்தது. முதலில் அவர்கள் தேடியது உடையாத பாகங்களைத்தான்.

பிறகு பி.பி. எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் நாலைந்து வகைகளும் அந்த மாற்றங்களின் எச்சம்தான். காட்டர் பின் போய், சதுர முனை கொண்ட அச்சு வந்தது. தனிக் குண்டுகள் போய், குண்டும் கிண்ணமும் அச்சும் ஒன்றாக அடைத்து மூடிய கார்ட்ரிட்ஜ் வந்தது. திறந்து கிரீஸ் வைக்க முடியாது, தேய்ந்தால் முழுதாக மாற்ற வேண்டும். ஆனால் மண்ணும் தண்ணீரும் எளிதில் உள்ளே போகாது, மலைச் சைக்கிளுக்கு அது பெரிய வரம். எஃகு அச்சுள்ள சாதாரணக் கார்ட்ரிட்ஜ் சுமார் 300 கிராம் இருக்கும். மலிவானது, பல்லாண்டு உழைப்பது. என் மருமகன் கழற்றி வைத்தது இந்த வகையைத்தான்.

சதுர முனை அச்சின் தடிமன் சுமார் 17 மி.மீ. இன்னும் விறைப்பாக வேண்டும் என்று அச்சைப் பெருக்க நினைத்தார்கள். 1996-இல் ஷிமானோ ஆக்டாலிங்க் என்ற தடித்த குழாய் அச்சைக் கொண்டுவந்தது. கிரிஸ் கிங், ரேஸ் ஃபேஸ், ட்ரூவேட்டிவ் மூன்றும் கூடி ஐசிஸ் என்ற இன்னொரு முறையை வகுத்தன. அச்சு பெருத்தது, ஆனால் அது நுழைய வேண்டிய குடம் அதே அளவு. அப்படியானால் இடையில் என்ன சுருங்கும்? குண்டுகள்தான். சின்னக் குண்டு சீக்கிரம் தேயும். ஐசிஸ் ஓட்டியவர்கள் ஒரு மழைக்காலத்துக்கு ஒரு பி.பி. மாற்றிய கதையை இன்றும் சொல்வார்கள். ஓரிடத்தில் இழுத்தால் இன்னோரிடத்தில் கால் வெளியே தெரியும் குட்டைப் போர்வைபோலத்தான் இந்தச் சமாச்சாரம்.

2003-இல் ஷிமானோவின் எக்ஸ்.டி.ஆர். மலைச் சைக்கிள் பாகங்களில் வந்த மாற்றம்தான் என் பார்வையில் உண்மையான தீர்வு. குடத்துக்குள் இடமில்லையா, குண்டுகளை வெளியே வை என்றார்கள். கிண்ணங்கள் குடத்தின் இருபுறமும் வெளியே உட்கார்ந்தன. 24 மி.மீ. எஃகுக் குழாய் அச்சு, வலப்பக்கக் கிராங்க்கோடு நிரந்தரமாகச் சேர்ந்தது. தடிமன் 17-இலிருந்து 24 ஆவது சிறிய மாற்றமாகத் தெரியும். ஆனால் ஒரு தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது. 24-ஐ 17-ஆல் வகுத்து நான்காம் படிக்கு உயர்த்திப் பாருங்கள், ஏறத்தாழ 4 மடங்கு வரும். அந்த வலிமை கையில் இருப்பதால்தான் நடுவைக் குடைந்து குழாயாக்கி எடையைக் குறைக்க முடிகிறது. அதுவும் எஃகிலேயே. எடை குறைய வேண்டிய நியாயமான வழி இதுதான்: பொருளை மாற்றாமல் வடிவத்தை மாற்றுவது.

டைட்டானியம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நல்ல உலோகம், குறை சொல்வதற்கில்லை. எஃகின் அடர்த்தி 7.8 என்றால் அதற்கு 4.5. துரு பிடிக்காது. ஆனால் அதன் விறைப்பு எஃகில் ஏறக்குறைய பாதிதான். அதே 17 மி.மீ. தடிமனில், அதே சதுர முனையில், எஃகுக்குப் பதில் டைட்டானியத்தை வைத்தால் அச்சு அதிகமாக வளையும். சதுரம் முடிந்து வட்டம் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் குவியும். அந்தத் தோளில்தான் என் மருமகனின் அச்சு முறிந்தது. முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல் வளைவு வளைவாகக் கோடுகள். பாதிக்கு மேல் முன்பே வெடித்திருந்தது. அவன் வாங்கிய நாளிலேயே அது பாதி செத்த அச்சு. ஒல்லியான பெண்பிள்ளை ஓட்டப் புதிதாக வாங்கியிருந்தால் ஒருவேளை ஓடியிருக்கும். இவன் 82 கிலோ.

இங்கே தராசு செய்யும் ஒரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். வெளிக்கிண்ண பி.பி.யின் பெட்டியில் நூறு கிராமுக்கு உட்பட்ட எடை போட்டிருக்கும். பழைய கார்ட்ரிட்ஜ் 300. ஆகா, 200 கிராம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் கார்ட்ரிட்ஜின் எடையில் அச்சும் சேர்ந்திருக்கிறது, புதியதில் அச்சு கிராங்க்கோடு போய்விட்டது. பி.பி.யையும் கிராங்க்கையும் சேர்த்து நிறுத்தால்தான் உண்மை தெரியும். அப்படி நிறுத்தாலும் புதியது குறைவாகவே இருக்கும், ஆனால் பெட்டி சொல்லும் அளவுக்கு அல்ல. எதையும் தனியாக நிறுத்துக் காட்டுகிறவரிடம் மற்றதையும் தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

சரி, 120 கிராம் உண்மையாகவே மிச்சமானது என்றே வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தலும் சேர்ந்து 95 கிலோ. நந்தி மலைத் தார்ச்சாலையை அடிவாரத்திலிருந்து 40 நிமிடத்தில் ஏறுகிறான். ஏற்றத்தில் நேரம் எடைக்கு ஏறக்குறைய நேர் விகிதம். 95 கிலோவில் 120 கிராம் என்பது ஆயிரத்தில் ஒன்றேகால் பங்கு. 40 நிமிடத்தில் அது 3 விநாடி. உச்சியில் போய் மூச்சு வாங்கும் நேரத்தில் 3 விநாடியை யார் எண்ணுவார்கள்? கிளம்பும் முன் அரை டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனாலும் இதே பலன்தான். எடை குறைத்தே தீர வேண்டுமென்றால் டயரில் குறையுங்கள், டியூபில் குறையுங்கள். சக்கரத்தின் விளிம்பில் குறையும் கிராம் ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் காலுக்குத் தெரியும். நட்டநடுவில், தரைக்குப் பக்கத்தில் இருக்கும் பி.பி.யில் குறைவது தராசுக்கு மட்டுமே தெரியும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அது அச்சைப் பற்றியதல்ல, குடத்தைப் பற்றியது.

பி.எஸ்.ஏ. என்றால் நம்மவர்களுக்கு 1949-இல் சென்னையில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்துக்குப் போன சைக்கிள் நினைவுக்கு வரும். அதன் மூலம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கிக் கம்பெனி. பி.பி. குடத்தின் மரைக்கும் உலகம் முழுவதும் பி.எஸ்.ஏ. மரை என்றே பெயர்: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கக் கிண்ணம் எதிர் மரை, இடப்புறமாகத் திருகினால்தான் இறுகும். மிதிக்கும்போது குண்டுகள் உருண்டு கிண்ணத்தை எதிர்ப்பக்கம் தள்ளும் என்பதால் செய்த ஏற்பாடு அது. இரண்டு பக்கமும் ஒரே திசை மரை வைத்த இத்தாலிய முறையில் வலக்கிண்ணம் தானாகத் தளர்வது பழைய தொல்லை. இந்த எதிர் மரை தெரியாமல் பலம் கொண்ட மட்டும் தப்புத் திசையில் திருகிக் குடத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். வீட்டில் செய்து பார்க்கும் பிள்ளைகள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த மரைதான் நூறாண்டு மொழி. மர்பி டவுனில் செய்த கிண்ணமும் ஜப்பானில் செய்த கிண்ணமும் ஒரே குடத்தில் ஏறும். என் மருமகனின் பழைய எஃகுச் சட்டத்தில் இன்றைய வெளிக்கிண்ணம் அப்படியே ஏறுகிறது. குடத்தின் அகலம் 73 மி.மீ. என்றால் வலப்பக்கம் 2.5 மி.மீ. வாஷர் ஒன்று, 68 என்றால் வலப்பக்கம் இரண்டு இடப்பக்கம் ஒன்று. கூட்டிப் பாருங்கள், இரண்டு வழியிலும் 75.5 வரும். இவ்வளவுதான் வித்தை.

இந்த மொழியைத்தான் எடையின் பெயரால் கைவிட்டார்கள். கேனன்டேல் நிறுவனம் 2006-இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட பி.பி.30 முறையில் மரையே கிடையாது. 42 மி.மீ. துளையில் பேரிங்கை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். பிறகு 46 மி.மீ., 41 மி.மீ. என்று ஆளுக்கொரு துளை. மரை வெட்டாமல் விட்டால் அலுமினிய வளையம் மிச்சம், கார்பன் சட்டம் செய்வதும் எளிது, சில பத்துக் கிராம் குறைவு. துளை இரண்டும் துல்லியமாக, ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் இதுவும் நன்றாகவே ஓடும். இல்லையென்றால் பேரிங் கோணலாக உட்காரும், சீக்கிரம் தேயும், மிதிக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச்சென்று கட்டில் சத்தம் போடும். டூல் ரூம்காரனாகச் சொல்கிறேன், அழுத்திப் பூட்டும் இணைப்பில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பெரிய தூரம். மரை அந்தப் பிழையை ஓரளவு மன்னிக்கும். வெறும் துளை மன்னிக்காது.

தயாரிப்பாளர்களே இதை உணர்ந்து திரும்பினார்கள். ட்ரெக் 2019-இல் தன் சாலைச் சைக்கிள் ஒன்றை டி47 என்ற அகல மரைக்கு மாற்றியது. ஸ்பெஷலைஸ்டு 2020-இல் தன் முதல்தரப் பந்தயச் சைக்கிளைப் பழைய மரைக்கே கொண்டுவந்தது. சான்டா குரூஸ் நிறுவனத்தின் மலைச் சைக்கிள்களோ அலை அடித்த காலத்திலும் மரையை விடவில்லை. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளின் மரையில்லாச் சட்டங்கள்தாம் இப்போது பெங்களூரில் கைமாறி, நம் பிள்ளைகளிடம் பாதி விலைக்கு வருகின்றன. சட்டத்தின் விலையைப் பார்க்கிறவர்கள் குடத்தைக் குனிந்து பார்ப்பதில்லை.

எங்கள் கடை பாய்க்கு எழுபதைத் தாண்டிவிட்டது. எந்தப் பி.பி.யையும் விரலால் சுழற்றிப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லக்கூடியவர். மரை வைத்ததென்றால் கார்ட்ரிட்ஜோ வெளிக்கிண்ணமோ, அதற்கான பல்லு ஸ்பானர் ஒன்று வாங்கி வைத்தால் போதும், வாங்கியும் வைத்திருக்கிறார். அழுத்திப் பூட்டும் வகைக்கு ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கருவி, வெளியே எடுக்க இன்னொரு கருவி. “நான் இதெல்லாம் வாங்கி எப்ப சார் காசு எடுக்கறது?” என்கிறார். நியாயம்தானே? சுத்தியலும் மரக்கட்டையும் கொண்டு தட்டி எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆக, மரையில்லாச் சைக்கிள்காரன் நகரின் மறு கோடிக்குப் போய் நாள் குறித்து விட்டுவிட்டு வர வேண்டும். நந்திக்குப் போகலாம் என்று சைக்கிள் வாங்கியவன் பாதி ஞாயிற்றுக்கிழமைகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் கழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

30 மி.மீ. அலுமினிய அச்சைப் பற்றியும் கேட்பார்கள். எடை குறைவுதான், விறைப்பும் போதும். ஆனால் அதைப் பி.எஸ்.ஏ. குடத்தில் ஏற்றினால் மறுபடி அதே குட்டைப் போர்வை: அச்சுப் பெருத்துக் குண்டு சிறுக்கும். ஸ்ராம் 2018-இல் 28.99 மி.மீ. என்று ஒரு விசித்திர அளவைக் கொண்டுவந்ததே குண்டுக்கும் மண் தடுக்கும் ரப்பருக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்றுதான். செராமிக் குண்டு வேண்டவே வேண்டாம். பல மடங்கு விலை, மிச்சமாகும் உழைப்பு ஓரிரண்டு வாட்டைத் தாண்டாது. நம் செம்மண் உள்ளே புகுந்தால் அந்தக் கடினக் குண்டு எஃகுத் தடத்தை அரைத்துவிடும்.

செம்மண் என்றதும் நினைவு வருகிறது. பி.பி.யைக் கொல்வது மலைப்பாதையல்ல, மலைப்பாதைக்குப் பிறகு நடக்கும் வாட்டர் சர்வீஸ். மோட்டார் சைக்கிள் கழுவுகிற இடத்தில் 30 ரூபாயோ 50 ரூபாயோ கொடுத்து, பீய்ச்சுகிற தண்ணீரை நேராகக் குடத்தில் அடிக்கச் சொல்கிறார்கள். எந்த ரப்பரும் அதைத் தாங்காது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பிரஷ், பிறகு துணி, இவ்வளவு போதும். சட்டத்தின் அடியில் சிறு துளை இருந்தால் அதில் மண் அடைக்காமல் ஊசியால் குத்தி வையுங்கள், சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் வெளியே போகட்டும். வெளிக்கிண்ண வகையில் இடப்பக்கக் கிராங்க்கை மாட்டும்போது பிளாஸ்டிக் மூடியை விரல் பலத்துக்கு மேல் முறுக்காதீர்கள். அந்த மூடி கிராங்க்கைப் பிடிப்பதற்கல்ல, ஆட்டத்தை எடுப்பதற்கு. பிடிப்பது பக்கத்திலுள்ள இரண்டு திருகுகள். மூடியை இறுக்கிக் குண்டுகளை நசுக்கிவிட்டு, பி.பி. சரியில்லை என்று வருகிறவர்களே பாயிடம் அதிகம்.

சத்தத்தைக் கேட்டுப் பி.பி.யை மாற்றுகிறவர்கள் இன்னொரு ரகம். சட்டக் குழாய்கள் ஒலியைக் கடத்தும், எங்கே கிறீச்சிட்டாலும் காலடியில் கேட்பதுபோல் இருக்கும். போன மாதம் ஒரு பையன் புது பி.பி. கையோடு வந்தான். பாய் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பெடலையும் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டினார். பையன் ஏரியைச் சுற்றி, வள்ளுவர் சிலை வரை போய்த் திரும்பி வந்தான். சத்தம் போய்விட்டது. வாங்கிய பி.பி.யைத் திருப்பிக் கொடுக்க ஓடினான். சீட்டுக் கம்பம், பற்சக்கரத் திருகுகள், பெடல், இவற்றைப் பார்த்த பிறகுதான் பி.பி.யைக் குற்றம் சொல்ல வேண்டும்.

பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியம் என்று இளைஞர்கள் என்னை மறுப்பார்கள். மறுக்கட்டும். பந்தயக்காரனுக்குப் பின்னால் மெக்கானிக் உண்டு, மாற்றுப் பாகம் உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிதாக மாட்டிவிட ஆள் உண்டு. அவன் போட்டுக் கழற்றிய பாகத்தை நாம் விலை கொடுத்து வாங்கி அவனைப்போல் ஓட்ட நினைப்பதில்தான் எனக்குச் சண்டை.

எங்கள் கதைக்கு வருகிறேன். தையல் பிரித்த பிறகு, மேஜை இழுப்பறையில் கிடந்த பழைய எஃகுக் கார்ட்ரிட்ஜையே பாய் திரும்ப மாட்டினார். குடத்தைத் திறந்தபோது உள்ளிருந்து அரைக் கிண்ணம் செம்மண் தண்ணீர் கொட்டியது. மரையைத் துடைத்து, கிரீஸ் தாராளமாக வைத்து, கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதிலேயே தீபாவளி வரை ஓட்டினான். போனஸ் வந்ததும், ஆடம்பரமில்லாத நடுத்தர வகையில் 24 மி.மீ. எஃகு அச்சுக் கிராங்க்கும் வெளிக்கிண்ணமும் வாங்கினோம். இம்முறை கிராங்க்கையும் சேர்த்தே நிறுத்துப் பார்த்தான். எத்தனை கிராம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்தக் கார்ட்ரிட்ஜ் இப்போது எங்கள் தெருவில் பேப்பர் போடும் பையனின் கியர் சைக்கிளில் ஓடுகிறது. பாய் கூலி வாங்கவில்லை. “இன்னும் நாலு வருஷம் போவும் சார்” என்று மட்டும் சொன்னார்.